பழைய சடக்கு: பேராக் நெடுஞ்சாலையும் அதன் தமிழ்ச் சொற்களும்



நான் பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், வட்டார வழக்கு பற்றிய வகுப்பொன்றில் ‘ஏழாங்கட்டை’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் பொருள் யாதென மாணவரைக் கேட்டேன். ஒருவர் விறகுக் கட்டை என்றார். மாணவி ஒருவர் எழுந்து, “ஆர்மோனியத்தில் சொல்வார்களே, அந்தக் கட்டையா ஐயா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். இசையில் சுருதியைக் குறிக்கக் கட்டை என்னும் சொல் வழங்குவதால் அவ்விடையில் பிழையில்லை. ஆயினும், பேராக் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த முப்பது தமிழ் மாணவருள் ஒருவரேனும் அதனை ‘ஏழாவது மைல்’ என்று கூறவில்லை. அவர்களின் பாட்டனும் பாட்டியும் நாள்தோறும் வழங்கிய சொல் அது. இரண்டு தலைமுறைக்குள் அது எவ்வாறு மறைந்தது என்னும் வினாவே இன்றைய உரைக்கு வித்து.

சொல் மறைந்ததை அறிய வேண்டுமாயின், அச்சொல் வாழ்ந்த சாலையை முதலில் அறிதல் வேண்டும்.

1. தடம் உருவான வரலாறு

நான் பிறந்தது கமுந்திங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். கமுந்திங் என்பது ஒரு செடியின் பெயர். மலாய்மொழியில் ‘கெமுந்திங்’ என வழங்கும் அச்செடி செந்நீல மலரும் கருநீலக் கனியும் உடையது. நீலகிரி மலையில் தவிட்டுப்பழம் என்று பறித்துண்பதும் இதன் கனியே. இன்று நாட்டில் பலருக்குக் கமுந்திங் என்றவுடன் நினைவுக்கு வருவது 1970களில் எழுந்த தடுப்புக்காவல் முகாம். அதற்கு நூறாண்டு முன்னரே இவ்வூர் ஈயத்தால் பெயர் பெற்றிருந்தது. அப்போது இதன் பெயர் கிலியான் பாரு. தைப்பிங்கின் பெயர் கிலியான் பாவ். ஈய வயல்களுக்காகச் சீனக் குழுவினர் நிகழ்த்திய லாருட் போர்கள் 1861 முதல் 1874 வரை நீடித்தன. 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகிய பின்னர்ப் பிரித்தானிய ஆட்சியாளர் பேராக்கில் காலூன்றினர். போர் ஓய்ந்த ஊர், ‘நிலைத்த அமைதி’ எனப் பொருள்படும் தைப்பிங் என்னும் சீனப் பெயரைப் பெற்றது.

அக்காலத்தில் நல்ல சாலை இல்லை. 1879ஆம் ஆண்டில் இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பயணி லாருட்டிலிருந்து கோல கங்சாருக்கு யானைமேல் ஏறிச் சென்றார். இன்று ஒரு மணி நேரத்திற்குள் கடக்கும் தொலைவு அது. 1885 ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் 8 மைல். அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படைப் பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். இச்செய்தியை நினைவில் கொள்ளுங்கள். சொல்லாராய்ச்சியில் இது மீண்டும் வரும்.

இருப்புப்பாதையை அடுத்துச் சாலை வளர்ந்தது. மாட்டுவண்டித் தடங்கள் அகலமாகி, கல் பரப்பி, பின்னர்த் தார் ஊற்றி, ஊரோடு ஊர் இணைந்து, தீபகற்பத்தின் மேற்குக் கரையோரம் வடக்கும் தெற்குமாக ஒரே நெடுஞ்சாலை ஆயிற்று. இன்று அதன் பெயர் கூட்டரசுச் சாலை 1. பேராக்கில் பாரிட் புந்தார், பாகன் செராய், கமுந்திங், தைப்பிங் வட்டாரம், கோல கங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ, கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர், ஸ்லிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என அது ஊர்களை மாலையாகக் கோத்துச் செல்கிறது. கல்லுடைத்தும், மண் சுமந்தும், தார் காய்ச்சியும் அச்சாலையை அமைத்துப் பேணியவருள் பெருந்தொகையினர் பொதுப்பணித் துறையில் வேலை செய்த தமிழர். என் தாய்மாமனும் அவருள் ஒருவர். ‘சடக்கு வேலை’ என்றே அவர் தம் தொழிலைக் கூறுவார்.

2. வழிநடைக் காட்சிகள்

சிறுவயதில் ஆண்டுக்கு ஒருமுறை, கமுந்திங்கிலிருந்து தஞ்சோங் மாலிமிலிருந்த அத்தை வீட்டிற்குப் பேருந்தில் செல்வோம். விடியற்காலை புறப்பட்டால் பொழுது சாயும் நேரத்தில் சேர்வோம். ஈய லம்பங்களின் கைவிடப்பட்ட குட்டைகள் இருபுறமும் மின்னும். புக்கிட் கந்தாங்கைத் தாண்டியதும் கொண்டோக் மலை என நாங்கள் வாய்க்கு வந்தபடி அழைத்த பொண்டோக் மலை, சுண்ணாம்புப் பாறையாகச் செங்குத்தாய் நிற்கும். அதனைக் கண்டால் பாடாங் ரெங்காஸ் வந்துவிட்டதென அறிவோம்.

அடுத்தது கோல கங்சார். அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் வேலியிட்ட ரப்பர் மரம் ஒன்று உண்டு. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த 9 கன்றுகள் அவ்வூரில் நடப்பட்டன. எஞ்சி நிற்பது அம்மரம். என் தந்தையார் அதனைக் காட்டி, “இதுதான் நம்மைக் கப்பல் ஏற்றிய மரம்” என்பார். அவர் எழுத்தறிவு குறைந்தவர். எனினும், தோட்டத் தமிழர் வரலாற்றை அதனினும் சுருக்கமாகக் கூறியவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

பின்னர்ச் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16ஆம் நாள் அங்கு ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பிறந்த ஊரும் அதுவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். ஈப்போவை நெருங்கும்போது, சாலையோரச் சுண்ணாம்புக் குகையில் 1926இல் அமைக்கப்பட்ட பேராக் தோங் ஆலயம் தோன்றும். ஊரைத் தாண்டிய தெற்கில் சாம் போ தோங் குகை; அங்குள்ள குளத்து ஆமைகளுக்குக் கீரை கொடுக்காமல் நாங்கள் வந்ததில்லை. கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நிகழ்ந்த போரில் பிரித்தானியரோடு இந்தியப் படைவீரரும் நின்று சப்பானியரைத் தடுத்தனர். ஜனவரி 7ஆம் நாள் ஸ்லிம் ரிவரில் அத்தடுப்பு உடைந்தது. சப்பானியர் மிதிவண்டியில் வந்ததும் இச்சாலை வழியேதான்.

இவை வரலாற்று நூல்களில் உள்ளவை. நூல்களில் இல்லாதவையும் வழியெங்கும் இருந்தன: ஈப்போ வட்டாரத்துப் பம்ளிமாசுக் கடைகள், பீடோரின் கொய்யாக் கூடைகள், தாப்பாவில் பெத்தாய்க் காய்களைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருந்த பூர்வகுடியினர், பேருந்து நின்றவுடன் ஓடிவரும் வடைக்காரர்கள், வளைவுகளில் மரத்தடியில் முனீஸ்வரர் கோவில்கள். ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கிக் காசு போட்டு வணங்கிய பின்னரே வளைவைத் திரும்புவார்.

1994 செப்டம்பரில் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அத்தைவீட்டுப் பயணம் மூன்று மணி நேரத்திற்குள் அடங்கிற்று. கமுந்திங்கில் ஏறினால் வழியில் எந்த ஊரையும் காணாமல் தஞ்சோங் மாலிமில் இறங்கலாம். உயிரைக் காப்பதும் காலத்தை மிச்சப்படுத்துவதும் நன்மையே. அதனை நான் குறைகூற வரவில்லை. நோயாளியை ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டு செல்பவர் பழைய சாலையின் அழகை நினைத்து ஏங்கமாட்டார். ஆயினும், வண்டிகள் வராத ஊரில் வடைக்காரர் நிற்பதில்லை. வடைக்காரர் இல்லாத இடத்திற்குப் பெயரும் நிற்பதில்லை.

3. சடக்கும் கட்டையும்

இனிச் சொற்களுக்கு வருவோம். மலேசியத் தமிழர் சாலையைச் ‘சடக்கு’ என்றனர். தார்ச்சடக்கு, செம்மண் சடக்கு என அடைகொடுத்தும் வழங்கினர். இது இந்துஸ்தானியின் ‘சடக்’ என்னும் சொல்லின் வழி வந்தது. சாலை என்னும் தமிழ்ச்சொல் இருக்க, வடபுலச் சொல் கடல்கடந்த கூலித் தமிழர் நாவில் நிலைத்தமைக்குக் காரணம், அச்சொல் வேலையோடு வந்தமையே. மேற்பார்வையாளர் வாயிலாக வரும் சொல் தொழிலாளர் வாயில் தங்கும். ‘லம்பம்’ என்பதும் அவ்வாறே. ஈயச் சுரங்கத்தைக் குறிக்கும் ‘லொம்போங்’ என்னும் மலாய்ச் சொல்லைத் தமிழர், மகரவீறு கொடுத்துத் தம் சொல்லாக்கிக் கொண்டனர்.

‘கட்டை’ இவற்றினும் சுவையானது. மலாய்மொழியில் மைலுக்குப் ‘பத்து’ என்று பெயர். அதன் பொருள் கல். தமிழ்நாட்டிலும் ‘மூன்று கல் தொலைவு’ என்றே கூறுவர். இரு மொழியும் கல் என்று கூற, மலேசியத் தமிழர் மட்டும் ஏன் கட்டை என்றனர்? இலங்கைத் தமிழை நோக்கினால் வழி புலப்படும். அங்கும் மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என மைலைக் கட்டையாலேயே குறிப்பர். இருப்புப்பாதை அமைக்க இலங்கையிலிருந்து ஆட்கள் வந்ததை முன்னர்க் கூறினேன். பின்னர் இருப்புப்பாதை, நில அளவை, எழுத்தர் பணி முதலிய துறைகளில் யாழ்ப்பாணத் தமிழர் மிகுதியாக அமர்ந்தனர். அளப்பவர் வாய்ச்சொல், அளந்த சாலையில் நடப்பவர் வாய்ச்சொல்லாயிற்று எனக் கருதுதல் பொருந்தும். இவ்வொற்றுமையை முழுமையாக ஆராய்வது முனைவர் பட்டத்திற்கே ஏற்ற பொருளாகும்.

கட்டை தூரத்தைக் குறிப்பதோடு நில்லாது, ஊரின் பெயராகவும் ஆயிற்று. ‘அவர் ஆறாங்கட்டைக்காரர்’, ‘நாலாங்கட்டை மாரியம்மன்’ என்றெல்லாம் வழங்கினர். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் பலகையில் இருக்கும். மக்களோ துரையின் பெயராலும், ஆற்றின் பெயராலும், கட்டையின் எண்ணாலும் தமக்கெனப் பெயரிட்டுக் கொண்டனர். சாலையோரத்தில் வேறொரு கடையை ஒட்டி எழுந்த கடை ‘ஒட்டுக்கடை’. அங்கு உண்ணும் காலையுணவு ‘பசியாறுதல்’. உண்பதன் பயனையே உண்பதற்குப் பெயராக்கிய அழகு அச்சொல்லில் உண்டு.

1970களிலும் 80களிலும் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியது. மைல்கற்கள் பிடுங்கப்பட்டுக் கிலோமீட்டர் கற்கள் நடப்பட்டன. கல் போனபின் கட்டை எதனைச் சுட்டும்? அடுத்துத் தோட்டங்கள் விற்கப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். இறுதியாக விரைவுச்சாலை வந்தது. அளவை, குடியிருப்பு, பயணம் ஆகிய மூன்றும் ஒரு தலைமுறைக் காலத்தில் மாறின. ஒரு சொல்லைத் தாங்கி நிற்கும் தூண்கள் மூன்றும் சாய்ந்தால் சொல் சாயாது என் செய்யும்?

4. அமெரிக்காவில் ஒரு சாலை

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 66ஆம் எண் நெடுஞ்சாலை 1926ஆம் ஆண்டில், அதாவது பேராக் தோங் அமைந்த அதே ஆண்டில், ஏற்படுத்தப்பட்டது. சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் சாந்தா மோனிகா வரை ஏறத்தாழ 2,400 மைல் நீளமுடையது. 1930களில் வறட்சியாலும் புழுதிப்புயலாலும் நிலமிழந்த உழவர் மேற்கு நோக்கிச் சென்ற வழி அது. ஜான் ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய புதினம் அவர்தம் துயரைப் பேசிற்று. பின்னர், வழிப்போக்கரை ஈர்க்கக் கூம்புக் குடில் வடிவில் விடுதிகளும், குளத்தில் நீலத் திமிங்கிலச் சிலையும், மண்ணில் தலைகீழாய்ப் புதைத்த கார்களின் வரிசையும் அதன் ஓரங்களில் எழுந்தன.

புதிய விரைவுச்சாலைகள் அதனை ஊர்ஊராக விலக்கிச் சென்றன. 1985ஆம் ஆண்டில் அந்த எண்ணே அரசின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அரிசோனாவின் செலிக்மன் என்னும் சிற்றூரும் வண்டிகளின்றி வெறிச்சோடியது. அவ்வூரில் முடிதிருத்தும் தொழில் செய்த ஏஞ்சல் டெல்கடில்லோ என்பவர் 1987இல் அண்டை அயலாரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். அவர்கள் கேட்டது பெரிய உதவியன்று. ‘வரலாற்றுச் சாலை’ என்னும் பெயர்ப்பலகையே. பலகை வந்தது, அதனைத் தேடிப் பயணிகளும் வந்தனர். ஒரு பெயரைக் காத்ததால் ஓர் ஊர் பிழைத்தது.

எனினும், ஏக்கத்தில் ஓர் இடர் உண்டு என்பதனையும் அதே சாலை கற்பிக்கிறது. அச்சாலையின் விடுதிகளும் உணவகங்களும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. கறுப்பின மக்கள் எங்குத் தங்கலாம், எங்கு உண்ணலாம் என்று வழிகாட்டத் தனிநூலே வேண்டியிருந்தது. விக்டர் கிரீன் என்னும் அஞ்சல் ஊழியர் 1936 முதல் அதனை வெளியிட்டார். பழைமையை நினைந்து மகிழ்வோர் அந்நூலை மறந்தால் அவர் நினைவு பாதியளவே உண்மையாகும். நம் சாலையும் அத்தகையதே. சடக்கு வேலை செய்த என் மாமனுக்கு ஆண்டுதோறும் குளிர்காய்ச்சல் வரும். தார்ப்பீப்பாய் தெறித்த வடு அவர் கையில் இறுதிவரை இருந்தது. பம்ளிமாசின் இனிமையைச் சொல்பவர் அவ்வடுவையும் சொல்லுதல் வேண்டும்.

5. ஆற்றுப்படை என்னும் நெறி

அவ்வாறாயின், நினைவுகூரும் முறை எது? அதற்கு நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. சென்று மீண்டவர், இனிச் செல்வோர்க்கு வழி கூறுவதே அதன் இலக்கணம். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் மீனும், வேலூரில் புளிச்சோறும், ஆமூரில் நண்டுக் கலவையும் கிடைக்கும் என ஊருக்கு ஓர் உணவு சொல்லப்படுகிறது. மலைபடுகடாம் வழியின் சுவையோடு இடர்களையும் எடுத்துரைக்கிறது: எங்குப் பாம்பு உண்டு, எங்குக் கால் வழுக்கும் என்பதையும் மறைப்பதில்லை.

வெறும் ஏக்கம் ‘போயிற்றே’ என்று பின்னோக்கி நிற்கும். ஆற்றுப்படையோ முன்னே வருபவரை நோக்கிப் பேசும். இரண்டிற்கும் பொருள் ஒன்றாயினும் கேட்போர் வேறு. பழைய சாலையைப் பற்றி முதியோர் நம்மிடம் கூறுவன யாவும் எழுதப்படாத ஆற்றுப்படைகள். பழம்பாட்டில் புரவலன் ஒருவன் வழியின் முடிவில் இருப்பான். நம் சாலைக்குப் புரவலர் இல்லை. வழியை வகுத்தவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. கோல கங்சாரில் மரத்திற்கு வேலியும் பலகையும் உண்டு. அம்மரத்தின் பால் எடுத்தவர்க்கு எஞ்சியிருப்பவை மரத்தடிக் கோவில்களும் சில சொற்களுமே. கோவில்கள் சாலை விரிவாக்கத்தில் இடம் பெயர்கின்றன. சொற்களை இடம் பெயர்க்கவும் இயலாது. பேசுவோர் மறைந்தால் அவையும் மறையும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்து முதியவர் ஒருவரை அமர்த்தி, பழைய சாலையில் ஒரு கட்டையைப் பற்றி மட்டும் கேட்கட்டும். அங்கு என்ன மரம் நின்றது, யார் கடை வைத்திருந்தார், தோட்டத்தை எப்பெயரால் அழைத்தனர், விபத்தும் நோயும் எவ்வாறு வந்தன என்பவற்றை அவர் சொன்ன சொல்லாலேயே எழுதட்டும். ‘சடக்கு’ என்றால் சடக்கு என்றே எழுதுக, திருத்த வேண்டா. பின்னர் அப்பக்கங்களை வடக்கிலிருந்து தெற்காக அடுக்கினால் பேராக்கிற்கு ஓர் ஆற்றுப்படை கிடைக்கும்.

ஆர்மோனியக் கட்டை என்று விடையளித்த மாணவியைக் கூறி முடிக்கிறேன். அடுத்த வாரம் அவர் நான்கு பக்கங்களோடு வந்தார். பாட்டியிடம் கேட்டிருக்கிறார். ஏழாங்கட்டையில் மாமரத்தடியில் பேருந்துப் பயணிகளுக்குப் பாட்டி பதினோராண்டு வடை விற்றாராம். அந்தப் பணத்தில்தான் மாணவியின் தந்தையார் இடைநிலைப்பள்ளி முடித்தாராம். “அப்பா இதை எங்களுக்குச் சொன்னதே இல்லை, ஐயா” என்றார் அம்மாணவி. மறு ஆண்டு பாட்டி இயற்கை எய்தினார். ஏழாங்கட்டை எங்கிருந்தது என்று இன்று அக்குடும்பத்தில் எவரும் காட்டவியலும். நான்கு பக்கங்கள் எழுதப்பட்டமையால்.